கிழங்கு மூட்டையையும் அவிழ்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியிலோ விடுதியிலோ சாப்பிட்ட மாணவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று செய்தி வரும்போதெல்லாம் விசாரணை ஒரே தடத்தில்தான் போகிறது. சாம்பாரில் பல்லி விழுந்ததா, முட்டை கெட்டிருந்ததா, தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்களா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள் என்று நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். மேட்டுப்பாளையத்துக் கிழங்கு மண்டிகளுக்குப் பக்கத்தில் வசிப்பவள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

வெளிச்சம் பட்ட கிழங்கின் தோலில் பச்சை ஏறும். அந்தப் பச்சை வெறும் இலைப்பச்சையம், அதனால் கேடில்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின், சாக்கோனின் என்ற நச்சுகளும் கிழங்கில் கூடுகின்றன. முளையிலும் கண்ணைச் சுற்றியும் அடிபட்ட இடத்திலும் இவை அதிகம். வேகவைத்தாலும் இந்த நச்சு போகாது என்பதைத்தான் நம் சமையலறைகள் அறிந்துகொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

லண்டனில் ஓர் ஆண்கள் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 78 மாணவர்கள் நோயுற்றார்கள். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. முந்தைய பருவத்தில் மிஞ்சி, விடுமுறை முழுவதும் கிடந்த ஒரு மூட்டைக் கிழங்கே காரணம் என்று 1979-இல் வெளியான மருத்துவக் கட்டுரை சொல்கிறது. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். நம் பள்ளிகளுக்கும் விடுமுறை உண்டு, மிஞ்சும் மூட்டைகளும் உண்டு.

பீதியைக் கிளப்புவது என் நோக்கமல்ல. நல்ல கிழங்கில் இந்த நச்சு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கும். 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது நெடுநாளாக உலகில் வழங்கும் வரம்பு. உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனாலே உபாதை தொடங்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கணித்தது. 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். அந்த 200 மில்லிகிராம் வரம்பை எட்டிய கிழங்கில் 100 கிராம் சாப்பிட்டாலே 20 மில்லிகிராம் உள்ளே போய், உபாதை தொடங்கக்கூடிய அளவை எட்டிவிடுகிறது. சத்துணவில் வெள்ளிக்கிழமை தரும் கிழங்கு ஆளுக்கு 20 கிராம்தான். அங்கே ஆபத்து குறைவு. விடுதியில் பூரிக்கு மசால், சோற்றுக்குப் பொரியல் என்று தட்டு நிறையப் போடும் இடத்தில்தான் எனக்குக் கவலை. அதுவும் பொடிக் கிழங்கைத் தோலோடு வறுத்துப் போட்டால் கவலை கூடுகிறது. நச்சு பெரும்பாலும் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் இருக்கிறது. கிழங்கு சிறுக்கச் சிறுக்கத் தோலின் பங்கு பெருகும்.

இனி கிழங்கு வரும் வழியைப் பாருங்கள். நீலகிரிக் கிழங்கு பெரும்பாலும் தோண்டிய கையோடு மண்டிக்கு இறங்கிவிடும். ஆனால் தமிழ்நாடு சாப்பிடும் அளவுக்கு அது போதாது. உத்தரப் பிரதேசத்தில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டும் கிழங்கு 2 முதல் 4 டிகிரிக் குளிரில் அக்டோபர், நவம்பர் வரை கிடங்கில் இருக்கிறது. குளிரில் இருக்கும்வரை முளை அடங்கியிருக்கும். லாரியில் ஏறி நம் வெயிலுக்கு வந்ததும் கிழங்கு வியர்க்கும். ஈரம் பட்ட இடத்தில் அழுகும். அழுகாதது மளமளவென்று முளைக்கும். இதைக் கடைக்காரர் மண் போகக் கழுவி, கண்ணைப் பறிக்கும் விளக்கின் கீழ் நாள் முழுவதும் பரப்பி வைக்கிறார். கழுவிய கிழங்கில் பச்சை இன்னும் சீக்கிரம் ஏறும். பளபளப்பாக இருப்பதைத் தேடி வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

நெடுங்குளிரில் இன்னொரு கேடும் நடக்கிறது. கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. வறுவல் இனிக்கிறது, சீக்கிரம் கருகுகிறது என்று வீட்டில் பெண்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சர்க்கரையும் கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அக்ரிலமைடு உண்டாகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே சேர்த்த பொருள் அது. உணவில் அது இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்டார்கள். அதனால்தான் சிப்ஸ் நிறுவனங்கள் சர்க்கரை குறைந்த குப்ரி சிப்சோனா வகைகளை வாங்கி 10, 12 டிகிரியில் வைக்கின்றன. அந்தச் சூட்டில் முளைக்காமலிருக்கக் குளோர்புரோபாம் என்ற மருந்தைப் புகையாக அடிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்துக்கான அனுமதியை 2019-இல் புதுப்பிக்க மறுத்துவிட்டது. நம் கிடங்குகளில் எவ்வளவு அடிக்கிறார்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று வாங்குகிறவர் கேட்டால் பதில் கிடைக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. கிழங்கு தோண்டிய மாதத்தையும் கிடங்கிலிருந்து இறக்கிய தேதியையும் மூட்டையில் எழுதச் சொல்லுங்கள். விதை மூட்டைக்குச் சீட்டுக் கட்டத் தெரிந்த நாட்டில் இது முடியாத வேலையா? உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் எண்ணெய்க்கும் வண்ணப் பொடிக்கும் மாதிரி எடுப்பதைப் போலக் கிழங்குக்கும் எடுக்கட்டும். சத்துணவு மையத்துக்கும் விடுதிக்கும் வரும் சரக்கில் பச்சை ஏறியதும் முளைத்ததும் இருந்தால் திருப்பியனுப்பும் அதிகாரத்தைப் பொறுப்பாளருக்கு எழுத்திலேயே கொடுக்க வேண்டும். இன்று அவர் வாய்மொழியாக மறுத்தால் "நறுக்கிப் போட்டுச் சமைங்க அம்மா" என்பதுதான் கிடைக்கும் பதில். லேசான பச்சையைத் தடிமனாகச் சீவி எடுக்கலாம் என்பது உண்மை. உள்வரை பச்சை ஓடியதையும் சுருங்கி முளைத்ததையும் வாயில் வைத்ததும் கசப்பதையும் குப்பையில்தான் போட வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் அவசரத்தில் ஒவ்வொரு கிழங்காக ஆராய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே தடுப்பு மூட்டை இறங்கும் வாசலிலேயே நடக்க வேண்டும்.

வரும் கோடை விடுமுறைக்கு முன் எல்லாச் சமையல் கூடங்களிலும் மிஞ்சிய கிழங்கைக் கணக்கெடுத்து அப்புறப்படுத்த மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பழைய மூட்டை ஒன்றுகூட அடுப்படிக்குப் போகக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
மேட்டுப்பாளையம்