கொப்பியில் எழுதிய நேரங்கள்

அளவெட்டி
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

கடிதம் என்றால் முதல் வரியில் ‘நாங்கள் இங்கே நலம்’ என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இதில் அதை எழுதக் கை வரவில்லை.

நீ கதைத்து 19 நாள். விரல் மடித்து எண்ணவில்லை, அம்மாவின் மருந்துக் கொப்பியில் திகதி இருக்கிறது, அதில் பார்த்தேன். பொங்கலுக்கும் எடுக்கவில்லை. பரவாயில்லை, வேலை கூடவாக இருக்கும். ரொறன்ரோவில் பனி கொட்டுகிறது என்று கொக்கா சொன்னாள். காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு போ. இரவு வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

இதைத் தபாலில் போடவில்லை. 31 வருசம் தபால் கந்தோரில் இருந்தவன் சொல்கிறேன், வான்தபால் வந்து சேரும் வரைக்கும் பொறுக்கிற நிலைமை இங்கே இல்லை. பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். எதிர்வீட்டுப் பிள்ளை தான் பிடித்துத் தாறன் என்றாள். வாசித்துவிடுவாள் என்று நானே பழகினேன். எழுத்துச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்.

கொக்கா பாரிசில் இருந்து ஒவ்வொரு நாளும் எடுக்கிறாள். எடுத்து அழுகிறாள். போனை அம்மாவிடம் குடுக்கிறேன், அம்மாதான் அவளுக்கு ஆறுதல் சொல்கிறா. பின் வளவு மாமரம் பூத்திருக்கிறது. கிணற்று மோட்டார் திரும்பவும் பழுது. அதை விடு.

தெல்லிப்பழையில் டொக்டர் சொன்னதை உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. ‘இனி வைத்தியம் இல்லையாம், வீட்டுக்குக் கொண்டுபோகட்டாம்’ என்றுதான் சொன்னேன், இல்லையா? அவர் அப்படிச் சொல்லவில்லை. “ஐயா, இனிக் கீமோ ஏத்தினால் உடம்பு தாங்காது. நாரியெலும்பு வரைக்கும் போட்டுது. வீட்டிலை வச்சிருங்கோ, நோவில்லாமல் நாங்கள் பாப்பம்” என்றார். என் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் எப்படி எழும்பியது என்று உனக்குத் தெரியும். 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்களே, அவர்களைப் பார்க்கப் பருத்தித்துறை மட்டும் சைக்கிள் மிதித்துப் போய், வந்து இரண்டு நாள் கால்நோவில் கிடந்தாய். அம்மாதான் எண்ணெய் போட்டு உருவிவிட்டா. அந்தக் கட்டடத்துக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற நாள் வரும் என்று யார் கண்டது.

டொக்டர் சின்னப் பெடியன், உன் வயதுதான் இருக்கும். ஆறுதலாக இருந்து கதைத்தார். நோவைக் குறைப்பதும் வைத்தியம்தான், அதற்கென்று தனிப் படிப்பே இருக்கிறது என்றார். சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு பெண்மணி 1967 இல் லண்டனில் இதற்காகவே ஒரு ஹொஸ்பிஸ் தொடங்கினாவாம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அந்த மனுசி முதலில் தாதியாக இருந்து, பிறகுதான் படித்து டொக்டர் ஆனவவாம். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கும்.

வீட்டில் நின்று பார்க்க முதலில் காசுக்கு ஒரு பிள்ளையை எடுத்தோம். ஆள் பிடித்துத் தருகிற இடம் ஒன்று இருக்கிறது, கொக்கா காசு அனுப்பினாள். பிள்ளை நல்ல பிள்ளைதான், குரல் உயர்த்தாது, ஆனால் போனைக் கீழே வைக்காது. அம்மாவை ஒரே பக்கம் கிடத்திவிட்டு விறாந்தையில் இருக்கும். ஐந்தாம் நாள் இடுப்பெலும்பின் மேல் ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவந்திருந்தது. வீட்டுக்கு வருகிற தாதி மிஸி விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தா. அழுத்தினால் சிவப்பு வெளுக்க வேண்டுமாம். வெளுக்கவில்லை. “புண் தொடங்குது ஐயா” என்றா. அன்றே கணக்கு முடித்து அந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு எல்லாம் நான்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் போடுகிறேன். நீ முந்தி வீடியோவில் தலையணையை ஆளாக வைத்துக் காட்டினாயே, சீலையை மடித்து அடியில் விட்டு, சீலையைப் பிடித்து இழுக்க வேண்டும், ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று. அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்ப்பதுபோல் இருந்தேன். பிறகு மிஸி காட்டியபோதுதான், அட, இதைத்தானே அவன் காட்டினான் என்று வந்தது. அம்மாவின் பழைய பருத்திச் சீலைதான், மயில்கழுத்து நிறத்தில் இருக்கிறதே, அது. நூல் தேய்ந்து வழுக்கலாக இருக்கிறது, இதற்கு நல்லது. முழங்காலுக்கு நடுவில் ஒரு சின்னத் தலையணை. கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். நீ போகிற வீடுகளில் ஆளியை அழுத்தினால் கட்டிலே எழும்பும், பதியும் என்று சொல்வாய். இங்கே ஆளி நான்தான்.

வாய்க்குத்தான் பாடு. தண்ணீர் விழுங்கினால் புரையேறுகிறது. பஞ்சுத்துணியை இளநீரில் தோய்த்து உதட்டில் ஒற்றுகிறேன். சாப்பாடு இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. ஊட்டு ஊட்டென்று முதலில் சண்டை பிடித்தேன். சாப்பிடாததால் உடம்பு போகவில்லை ஐயா, உடம்பு போகிறதால்தான் சாப்பாடு வேண்டாமென்கிறது, வற்புறுத்தாதேங்கோ என்று மிஸி சொன்னா. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்தக் குளிருக்குச் சோறு வேண்டும், பாணைக் கடித்துக்கொண்டு ஓடாதே.

அங்கே சாகிற நிலையில் இருக்கிறவரைப் பார்க்கவென்று 26 கிழமை வரை லீவும் கொஞ்சக் காசும் கிடைக்குமாம், எதிர்வீட்டுப் பிள்ளையின் மாமன் சொன்னார். உன்னை வா என்று கேட்கவில்லை. லீவில்லாததா உன் பிரச்சினை? சிட்டிசன் கிடைக்க முதல் இந்தப் பக்கம் கால் வைத்தால் உன் கடதாசி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா ஒருநாளும் ‘வரச் சொல்லுங்கோ’ என்று கேட்டதில்லை. ஊரார் கேட்டால், ‘பெடியன் அங்கை ஆக்களைப் பாக்கிறான், அவன் விட்டிட்டு வந்தால் அந்தச் சனம் என்ன செய்யும்’ என்கிறா. நான் சனசமூக நிலையத்தில் இதுவரைக்கும் ‘மகன் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில்’ என்றுதான் சொல்லி வந்தேன். இன்னும் ஒருவருக்கும் திருத்திச் சொல்லவில்லை.

சரி. கொப்பிக்கு வருகிறேன்.

1995 இல் ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது நான் என்ன தூக்கிக்கொண்டு போனேன் என்று அம்மா வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பா. கந்தோர்க் கணக்குப் புத்தகம். ஒரு சதம் பிழைக்காத கணக்கு. அப்படிப்பட்ட ஆள்தான் மார்கழியில் டொக்டர் மோர்பின் குளிசை எழுதித் தந்தவுடன் கோடு கீறி, நேரம், அளவு, கையெழுத்து என்று மூன்று நிரல் போட்டுக் கொப்பி திறந்தேன். நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று, நாளுக்கு ஆறு. நோ வந்த பிறகு குடுக்கிற மருந்தில்லை ஐயா, நோ தலை தூக்க முதல் மணிக்கூட்டைப் பார்த்துக் குடுக்கிற மருந்து என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். மலச்சிக்கல் வரும், அதற்கு இந்தத் தண்ணிமருந்து, இதையும் விடாதேங்கோ என்றார். முதல் இரண்டு மூன்று நாள் நித்திரை தூக்கும், பிறகு தெளிவா என்றும் சொன்னார்.

நான் நாளுக்கு இரண்டுதான் குடுத்தேன். கொப்பியில் ஆறு எழுதினேன்.

மீதி நாலையும் நெஸ்ரமோல்ட் பேணிக்குள் போட்டு, சாமியறையில் விபூதிச் சிரட்டைக்குப் பின்னால் வைத்தேன். 14 நாள் அப்படி.

பெரியப்பாவுக்கு ஊசி போட்ட இரவு உனக்குத் தெரியும். விடிய முதல் போனவர். அந்த ஊசிதான் கொண்டுபோனது என்று அன்று தொடக்கம் எனக்குள் இருந்தது. மோர்பின் என்றதும் அந்தத் தாழ்வாரம்தான் கண்ணுக்குள் வந்தது. பயம் என்று மிஸிக்குச் சொன்னேன், அது பாதிதான். மற்றப் பாதியை உனக்குத்தான் எழுதுகிறேன். முதல் நாள் ஒழுங்காக ஆறும் குடுத்தேன். அம்மா அடுத்த நாள் முழுக்க நித்திரை. தேத்தண்ணி ஊற்றி வைத்தேன், ஆறிப்போனது. பல்லி சொல்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. 44 வருசத்தில் இந்த வீட்டில் நான் ஒரு பகல் முழுக்க ஒருவரோடும் கதைக்காமல் இருந்தது அன்றுதான். அம்மா முழித்திருக்க வேண்டும் என்று குறைத்தேன். முழித்திருந்தா. முழித்திருந்து முனகினா. பல்லைக் கடித்துக்கொண்டு ‘எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் போய்ப் படுங்கோ’ என்றா. நானும் போய்ப் படுத்தேன்.

முதல் நாள் ஆறு குடுத்ததையும் சேர்த்தால் கணக்கில் நாலு இடிக்கும். இரண்டாம் நாள் ஒன்றுமே குடுக்கவில்லை, மூன்றாம் நாள் பின்னேரம் வரைக்கும் பயத்தில் பொறுத்து ஒன்றுதான் குடுத்தேன், நாலாம் நாளும் ஒன்றுதான். அதற்கும் கொப்பியில் ஆறு ஆறு இருக்கிறது.

அந்த நாட்களில்தான் நீ எடுத்தாய். அம்மாவின் முகத்தைப் பார்த்தவுடன் உனக்குப் பிடிபட்டுவிட்டது. “அப்பா, மருந்து நேரத்துக்குக் குடுக்கிறியளோ? கொப்பியைக் காட்டுங்கோ பாப்பம்” என்றாய். நீ கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று எழுதத்தான் வேண்டும். ‘ஊர்ச்சனத்தின்ரை பீமூத்திரம் அள்ளுற நீ எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறியோ’ என்று சொல்லிப் போனைக் கட் பண்ணினேன். அம்மா பக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடந்தா. அன்று பின்னேரம் நான் குடுத்த தண்ணியை அவ வாங்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் மிஸி வந்து கொப்பியைப் பார்த்தா. இவ்வளவு ஒழுங்காகக் குடுத்தும் நோ அடங்கவில்லையே என்று டொக்டருக்குப் போன் பண்ணினா. அவர் அளவைக் கூட்டி, இரண்டிரண்டு குளிசையாகக் குடுக்கச் சொல்லிவிட்டார். என் பேனையை வாங்கி என் கொப்பியில் ‘2’ என்று எழுதும்போதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. பிள்ளை, பொறுங்கோ என்று சொல்லிப் பேணியைக் கொண்டுவந்து குடுத்தேன். பேப்பரை விரித்துக் கொட்டி எண்ணினா. 56. ஏசவில்லை. “ஐயா, மருந்து காணாமல் போகேல்லை, மருந்து அம்மாட்டைப் போய்ச் சேரேல்லை” என்றா. திரும்ப டொக்டரோடு கதைத்து, எழுதிய இரண்டை வெட்டி ஒன்றாக்கினா. பெரியப்பாவின் ஊசியைப் பற்றியும் கேட்டேன். போகிற நேரத்தில் இருந்தவருக்குத்தான் அந்த ஊசி போட்டிருப்பார்கள், அதனால் போகவில்லை என்றா.

ஒழுங்காகக் குடுக்கத் தொடங்கி இரண்டு நாள் நல்ல நித்திரை. மூன்றாம் நாள் காலமை அம்மா தானாக, தலை இழுத்துவிடுங்கோ என்றா. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினேன், பின்னல் கோணல். சாய்மனைக்கதிரையில் விறாந்தைக்குக் கொண்டுவந்து விட்டேன், அரை மணித்தியாலம் மாம்பூவைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு, “இது புது மருந்தோ? நல்லாய்க் கேக்குது. முந்தியே ஏன் தரேல்லை அவை?” என்றா.

ஓம், புது மருந்து என்றேன்.

அவவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்று உன்னைத்தான் கேட்கிறேன். இப்படியான வீடுகளுக்குள் போய்வருகிறவன் நீ, உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்க இருக்கிறது. குதிக்கால் சிவக்கத் தொடங்குகிறது. மிஸி செவ்வாய்தான் வருவா. தலையணையைக் குதிக்கு அடியில் வைப்பதா, கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதியை அந்தரத்தில் விடுவதா? நீ அன்று காட்டினாய், நான்தான் பார்க்கவில்லை. இங்கே பின்னேரம் ஆறு மணி மருந்து குடுக்கும்போது உனக்குக் காலமை ஏழரை. வேலை முடிந்து பஸ்ஸில் இருப்பாய். அம்மா அந்த நேரம் தெளிவாக இருக்கிறா. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறா, நான் எடுத்து வைத்தாலும் தேடுகிறா.

தொப்பியை மறக்காதே.

இப்படிக்கு
அப்பா

பி.கு. 10.05. குடுத்துவிட்டேன், ஐந்து நிமிடம் பிந்திவிட்டது. இதோடு கொப்பியின் படமும் வருகிறது, நீ கேட்டது. மார்கழிப் பக்கங்களையும் கிழிக்காமல் அப்படியே பிடித்திருக்கிறேன்.