என் கமரா உள்ளே போகாத ஹவுசிங் பற்றி மூன்றாவது முறைப்பாடு

வெள்ளவத்தை,
01.09.2025

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். காலி வீதி, பம்பலப்பிட்டியில் உள்ள உங்கள் கடையில் ஜூன் 14ஆம் திகதி, சனிக்கிழமை, 78,500 ரூபா கொடுத்து கமராவுக்கான அண்டர்வாட்டர் ஹவுசிங் ஒன்று, அதாவது கமராவை உள்ளே வைத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டி, வாங்கினேன். அது என் கமராவுக்கு உரியது இல்லை. இந்த ஒரு வரியை உங்கள் ஆட்களுக்குப் புரியவைக்கத்தான் பதினொரு கிழமையாக அலைகிறேன். நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சலுக்கும் "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்று ஒரே பதில் வந்தது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

என் கமரா கேனன் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 2. பெயரை மட்டும் சொல்லவில்லை, கமராவையே கொண்டுபோய் உங்கள் விற்பனையாளரின் கையில் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார், பெயரையும் வாசித்தார். "ஜி7 எக்ஸ்தானே சேர், எல்லாம் ஒண்டுதான்" என்று உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

எல்லாம் ஒன்று இல்லை. ஜி7 எக்ஸுக்குக் கேனன் செய்தது டபிள்யூபி-டிசி54. மார்க் 2 வந்தபோது அதற்கென்று டபிள்யூபி-டிசி55 என்று வேறொன்றைச் செய்தார்கள். மார்க் 2 கொஞ்சம் தடிப்பு, முன்பக்கம் விரல் பிடிக்க ஒரு மேடும் உண்டு. எனக்குத் தந்தது 54. செய்த கம்பனியில் எந்தப் பிழையும் இல்லை, அவர்கள் இலக்கம் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அலுமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டியது நீங்கள்.

நீங்கள் ஏன் பார்த்து வாங்கவில்லை என்று கேட்பீர்கள். ஏற்கனவே கேட்டும் விட்டார்கள். கமரா விற்கிற கடைக்குத் தன் சரக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். பார்மசியில் வாங்கிய மாத்திரையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டா விழுங்குகிறோம்?

அன்று கடையில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். முதலில் ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டி, இது போதும் என்றார்கள். பைக்குள் லென்ஸ் நீண்டு சுருங்க இடம் போதாது, பட்டன்களைக் குருட்டாம்போக்கில் தடவித்தான் அமுக்க வேண்டும். 40 மீற்றர் தாங்கும் கெட்டிப் பெட்டிதான் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். நான் 18 மீற்றருக்குக் கீழே போகிறவன் இல்லை. ஆனால் கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, பெட்டி என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கட்டுமே என்று நினைத்தேன். இவ்வளவும் யோசித்தவன், பெட்டியின் பக்கத்தில் இருந்த இரண்டு இலக்கத்தைப் பார்க்கவில்லை. சரி, அது என் முட்டாள்தனம். அதற்கு 78,500 ரூபாவா விலை?

அன்றிரவே சாப்பாட்டு மேசையில் துணி விரித்துக் கமராவை உள்ளே வைத்தேன். பின்கதவு மூடவில்லை. இரண்டு மில்லிமீற்றர் வெளியே நின்றது. கொக்கியைப் பலமாக இழுத்தால் மாட்டும்போல இருந்தது, ஆனால் கதவு கமராவின் திரையை நசுக்கியது. அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் ஞாயிறு. திங்கள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில் நின்றேன். திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம், வத்தளையில் உள்ள சேவை நிலையத்தில் காட்டுங்கள் என்றார்கள்.

வத்தளை. அதைப் பற்றி எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவோம் என்று உங்கள் இலக்கத்துக்கு எடுத்தேன். தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். வந்தவர் சிங்களமா ஆங்கிலமா என்று கேட்டார். சிங்களத்திலேயே கதைத்தேன், அதில் எனக்குக் கஷ்டம் இல்லை. பிறகு எதற்கு அந்த 3? "10ஆம் திகதி வியாழக்கிழமை காலை வாருங்கள், டெக்னீஷியன் இருப்பார்" என்றார். ஜூலை 10. எசல போயா, பௌர்ணமி விடுமுறை நாள். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, கொட்டுகிற மழையில் பெட்டியைக் குடைக்குள் வைத்து நான் மட்டும் நனைந்துபோனால், ஷட்டர் இறங்கியிருக்கிறது. காவலாளி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "அத போய நே மாத்தயா" (இன்று போயாதானே ஐயா) என்றார். நாட்காட்டியில் சிவப்பாகப் போட்டிருக்கும் நாளை எனக்குத் தந்த உங்கள் ஊழியரையும் பிழை சொல்கிறேன், பார்க்காமல் புறப்பட்ட என்னையும் சேர்த்துத்தான்.

மறுநாள் திரும்பவும் போனேன். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ஐந்து நாளில் ஒரு தாளோடு திருப்பித் தந்தார்கள். அதில் எழுதியிருந்தது: "நீர் புகவில்லை. குறைபாடு இல்லை."

ஐயா, அது ஒழுகுகிறது என்று நான் எப்போது சொன்னேன்? வாங்கிய இரவே வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ தாளை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் அமுக்கிப் பார்த்துவிட்டேன். தாள் காய்ந்தபடியே வந்தது. நல்ல பெட்டி. என் கமரா அதற்குள் போகவில்லை, முறைப்பாடு அவ்வளவுதான். அந்தத் தாளின் கீழே ஆலோசனை வேறு: ஏசி அறையில் வைத்து மூடவும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்று போடவும், இல்லாவிட்டால் கண்ணாடியில் பனி படியும். உண்மைதான், கொழும்புக் காற்றை அப்படியே அடைத்துக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் படியத்தான் செய்யும். ஆனால் மூடவே முடியாத பெட்டிக்குள் எந்தக் காற்றை அடைப்பது?

இன்னொன்று. கதவைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமயிரோடு அது திரும்பி வந்தது. நீளமான, மருதாணி போட்ட மயிர். எங்கள் வீட்டில் யாரும் மருதாணி போடுவதில்லை. இந்த வளையத்தில் ஒரு மயிரோ ஒரு மணலோ இருந்தாலே தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பதை உங்கள் டெக்னீஷியனுக்கு நானா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

இனி, தொலைபேசியில் கதைத்த அந்தத் தம்பி. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. ஜூலை 16ஆம் திகதி பின்னேரம், 22 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு வந்தார். இவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நல்லது. அறிக்கையை வாசித்துவிட்டுச் சொன்னார்: "பெட்டியில பிழை இல்ல அங்கிள். உங்கட கமராவிலதான் பிழை. வேற கமரா வாங்குங்கோ." பிறகு சிரித்தார். என்னோடு அல்ல, பின்னால் இருந்த யாரோடோ சேர்ந்து சிரித்தது எனக்குக் கேட்டது. என் வயது 53. இருபத்தைந்து வருடமாக ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யாரும் என்னிடம் இப்படிக் கதைத்ததில்லை. நீங்கள் அழைப்புகளைப் பதிவு செய்வதாக ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவைத் தயவுசெய்து ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், ஜூலை 18 முதல் 20 வரை நிலாவெளியில் அறை எடுத்திருந்தேன். டொரொன்டோவிலிருந்து அக்காவின் மகன் வந்திருந்தான். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கல்கிசைப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கும், கிழக்கில்தான் தெளிவாக இருக்கும். புறாத்தீவில் கழுத்தளவுத் தண்ணீரில் முகத்தைப் போட்டதுமே ஒரு கருமுனைச் சுறா எங்களுக்கு நேரே வந்து, திரும்பி, பவளப் பாறைகளுக்கு மேலால் போனது. மருமகன் என் தோளைத் தட்டிக் கையைக் காட்டுகிறான். என் கையில் ஒன்றும் இல்லை. கமரா அறையில், துவாய்க்குள். நண்பர் ஒருவர் தன் ஒலிம்பஸ் டிஜி-6ஐ எந்த உறையும் இல்லாமலே இறக்கினார், 15 மீற்றர் வரை அது தாங்கும். என்னைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது. அறை வாடகை, வள்ளக் கூலி, வான் செலவு எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சம் என் கணக்கில் உங்களால் போனது. வள்ளம் எப்படியும் எடுத்திருப்பீர்கள்தானே என்கிறாள் மனைவி. எடுத்திருப்பேன். ஆனாலும் அது உங்களால் போனதுதான். மருமகன் திரும்பிப் போய்விட்டான், அவனுக்கு அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது.

உங்களோடு சண்டை பிடிக்கும் ஆசை எனக்கில்லை. பல வருடமாக உங்கள் கடையில்தான் மெமரி காட்டும் பற்றரியும் வாங்குகிறேன். டபிள்யூபி-டிசி55ஐத் தாருங்கள், அல்லது 78,500 ரூபாவை முழுதாகத் திருப்பித் தாருங்கள். "கிரெடிட் நோட்" வேண்டாம்.

செப்டம்பர் 9ஆம் திகதி மாலைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அது 14ஆம் திகதியோடு முடிகிறது. இழுத்தடித்தால் நான் அதைத் தாண்டிவிடுவேன் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், கடிதம் தயாராக இருக்கிறது. திகதி போட்டுக் கையெழுத்து வைப்பதுதான் மிச்சம்.

பற்றுச்சீட்டின் பிரதி, சேவை நிலையத்தின் அறிக்கை, கமரா உள்ளே இருக்கக் கதவு மூடாமல் நிற்கும் இரண்டு படங்கள், எல்லாம் இணைத்துள்ளேன். அந்த மயிரை ஒரு கடித உறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இனி நான் எங்கும் வரமாட்டேன். யாரையாவது வீட்டுக்கு அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறுக்குப் பிறகு இருப்பேன். வரும் 7ஆம் திகதி பினர போயா, அன்று மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்