மாஸி வாங்கும் முன்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்ததில் எங்களுக்கும் சந்தோஷம். பழைய மாஸி பெர்குசன் டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது, 1035 மாடல் எடுக்கவா 241 மாடல் எடுக்கவா என்று கேட்டிருந்தாய். அதற்கு அந்த வண்டிக் குடும்பத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்.

மூலம் ஹாரி பெர்குசனின் டி.இ.20 டிராக்டர். இங்கிலாந்தில் கவென்ட்ரி ஆலையில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கலப்பையைப் பின்னால் மூன்று இடத்தில் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பும், கலப்பை ஆழம் போனால் தானே தூக்கிக்கொடுக்கும் ஹைட்ராலிக்கும்தான் அதன் பலம். கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் இறங்குவதால் சின்ன வண்டியும் வழுக்காமல் இழுத்தது. 1953-இல் மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு பெர்குசன் கம்பெனி சேர்ந்தது. 1956-இல் 35 என்ற மாடல் வந்தது. அதன் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் பேரைக் கெடுத்துக்கொள்ள, 1959-இல் பெர்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் இன்ஜினைப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் வண்டிக்கு நிம்மதி. 1964-இல் 135 மாடல் வந்தது.

சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி 1960-இல் மாஸியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. இன்ஜின் சிம்சன் கம்பெனியுடையது, அதுவும் பெர்கின்ஸ் வழிதான். 1035 அந்த 35-இன் வாரிசு: 36 குதிரைத்திறன், முன்னே 6 கியர், பின்னே 2. 241-க்கு 42 குதிரைத்திறன், 8 முன், 2 பின். தரகர் வெறும் '241' என்றால் எந்தக் கம்பெனி என்று கேட்டுக்கொள். ஐஷரிலும் ஒரு 241 உண்டு. அது ஒற்றை சிலிண்டர், 25 குதிரைத்திறன் வண்டி. 2005-இல் ஐஷர் டிராக்டரையும் டாஃபேயே வாங்கிவிட்டதால் குழப்பம் கூடிவிட்டது.

டிரெய்லருக்கும் கல்டிவேட்டருக்கும் 1035 போதும். மண்ணைச் சுழற்றி உழும் ரோட்டவேட்டர் ஓட்டுவதென்றால் 241, அதுவும் டபுள் கிளட்ச் உள்ளதாகப் பார். பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றும் தண்டான பி.டி.ஓ.வும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்டும் ஓடும். முழுக்க மிதித்தால் எல்லாம் நிற்கும். சிங்கிள் கிளட்சில் மிதித்ததுமே லிப்டும் செத்துவிடும். வரப்போரம் திரும்பும்போது அந்தக் கஷ்டம் தெரியும்.

பெயின்டைப் பார்த்து ஏமாறாதே, லிப்டைப் பார். லிப்டின் பம்ப், கியர் பெட்டி ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பது. அந்த ஒரே ஆயில் கெட்டால் கியர், லிப்ட் இரண்டும் கெடும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது மோர் மாதிரி வெளுத்திருந்தால் சேற்றுழவில் தண்ணீர் ஏறியிருக்கிறது, வால்வு துருப்பிடித்திருக்கும். அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கியபின் கலப்பையைத் தூக்கச் சொல். குளிரில் தூக்கி, சூட்டில் திணறினால் பம்ப் தேய்ந்துவிட்டது. தூக்கி நிறுத்திய கலப்பை இன்ஜின் ஓடும்போது தலையாட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ கசிவு: இறங்க இறங்க பம்ப் ஏற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு கலப்பையின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் கம்பியான டாப் லிங்க் மாட்டும் இடத்தின் ஸ்பிரிங்கை முன்னும் பின்னும் அசைத்துப் பார். ஆட்டம் இருக்கக்கூடாது. இருந்தால் உழவு ஒரு சீராக விழாது, கலப்பை குதிக்கும். இது மட்டும்தான் என்றால் டைட் செய்து சரிக்கட்டலாம், விலையில் அடித்துப் பேசு.

ஆர்.சி. புத்தகத்தின் சேசிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் தேய்த்துச் சரிபார்த்துவிட்டு, எந்த வருட மாடல், என்ன விலை சொல்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
ராஜன்