உன் பழைய கணக்கு நோட்டு

அன்பு மகளுக்கு,

உனக்கு இருப்பது ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை வேண்டியபடி கட்டுப்படுத்த முடியாத மூளை வளர்ச்சிக் குறைபாடு என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்றாய். அப்புறம் மெதுவாக, "அப்பா, நான் சாக்கு சொல்லலதானே?" என்று கேட்டாய். இத்தனை வயதிலும் உன்னை அப்படிக் கேட்க வைத்தவன் நான்தான் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

நேற்று பழைய பெட்டியிலிருந்து உன் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு கணக்கு மணிமணியான எழுத்தில் இருக்கிறது. மூன்றாவதில் எழுத்து சாய்கிறது. நான்காவது பாதியில் நிற்க, ஓரத்தில் ஒரு பறவை. சிறகில் ஒவ்வொரு இறகாக வரைந்திருக்கிறாய். எண்ணினேன், 43. அதற்குக் கீழே சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்ற குறிப்பு, அதையொட்டி என் கையெழுத்து. நானும் அதை நம்பித்தான் போட்டேன்.

கவனம் உன்னிடம் குறைவாக இருந்ததில்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் உன் கையில் இல்லை. ஒரு வேலை முக்கியம் என்று தெரிந்தால் போதும், சலிப்பாக இருந்தாலும் பலரால் உட்கார்ந்துவிட முடிகிறது. உன் மூளைக்கு அது போதாது. வேலை பிடித்திருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கெடு கழுத்தை நெரிக்க வேண்டும். ஆர்வத்தையும் முனைப்பையும் தூண்டும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் இதில் வேறு மாதிரி வேலை செய்கிறது என்கிறார்கள். சலிப்பு எனக்கு ஒரு கொட்டாவியோடு போய்விடும். நீயோ "தலைக்குள்ள அரிக்குதுப்பா" என்று அழுதிருக்கிறாய். நான் அதை அடம் என்று நினைத்தேன்.

அந்தப் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? காலையில் உட்கார்ந்தவள் இருட்டும் வரை எழவில்லை. சாப்பிடவில்லை, கூப்பிட்டது காதில் விழவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கத்திலிருந்து எழுப்பியதுபோல் திடுக்கிட்டாய். "இதுக்கு மட்டும் முடியுதே!" என்றேன். எத்தனை வருடம், எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த ஆழ்ந்த மூழ்கல் நோயறிதல் விதிகளில் இல்லையாம். ஆனாலும் ஏடிஹெச்டி உள்ளவர்கள் பலர் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான். அன்று நீ நிறுத்த மனமில்லாமல் இருக்கவில்லை, உன்னால் நிறுத்த முடியவில்லை. கணக்கைத் தொடங்க முடியாததும் ரேடியோவை விட முடியாததும் ஒரே விஷயம் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்கு உன்னைத் திட்டினேன். மன்னித்துக்கொள்.

பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர்கள் பார்ப்பார்களாம். இருந்தன. ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளைத்தான் அதிகம் தவறவிடுகிறார்களாம். நாங்களும் தவறவிட்டோம். நீ சரியாக வளர்க்கப்படாததால் வந்ததல்ல இது, நீ சோம்பேறி என்பதாலும் அல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மாத்திரை வேண்டுமா என்பதை நீயும் டாக்டரும் முடிவு செய்யுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

சரி, மூன்று மாதமாக மேசையில் கிடக்கும் அந்தப் படிவம். பக்கத்தில் யாராவது சும்மா இருந்தாலே வேலை ஓடுகிறது என்றாயே, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு. நான் எதுவும் கேட்கமாட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பேன். நீ முதல் பக்கத்தை எடு.

அன்புடன்,
அப்பா