ஆடிப் பட்டத்துக்கு முன் ஒரு திறந்த மடல்: தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும் தலைமைச் செயல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

உழவர்களே பங்குதாரர்களாக உள்ள உங்கள் நிறுவனங்களின் குடோன்களில் சரக்கை இறக்கி, மூட்டையை அட்டியாக அடுக்கி, எடுத்துக் கொடுத்து, கணக்கு எழுதுகிறவர்கள் நாங்கள். 2004-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தாலும் அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை, சூளகிரி என எங்கே போனாலும் பட்டம் ஒன்றுதான், குடோனில் வரும் சிக்கலும் ஒன்றுதான். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

நிறுவனத்தின் பணத்தில் பெரும்பகுதி வங்கியில் இல்லை, குடோனில் மூட்டையாகக் கிடக்கிறது. எப்போது எவ்வளவு வாங்குவது, திரும்பி வந்த சரக்கை என்ன செய்வது என்ற இரண்டையும் இயக்குநர் குழு எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நடத்திக் காட்டும் அதிகாரத்தைக் குடோன் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். இந்த மடலில் நாங்கள் கேட்பது இதைத்தான்.

முதலில் வாங்குவது. ‘தீரப்போகும்போது சொல்லு’ என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடைமுறை. எத்தனை மூட்டை இருக்கும்போது தீரப்போகிறது என்று சொல்வது? ஒரு கணக்கைப் பாருங்கள். பட்டக் காலத்தில் டி.ஏ.பி. உரம் நாளுக்குச் சராசரியாக 12 மூட்டை விற்கிறது, ஆர்டர் கொடுத்தால் 6 நாளில் லாரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 72 மூட்டை இருக்கும்போது ஆர்டர் கொடுத்தால் கடைசி மூட்டை வெளியே போகிற அன்று லாரி வந்து நிற்கும். எல்லாம் சராசரியாக நடந்தால்தான் அது. நல்ல மழைக்கு மறுநாள் 18 மூட்டை கேட்பார்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து போக்குவரத்து நின்றாலோ, ரயிலில் வரும் சரக்கு பிந்தினாலோ 6 நாள் 9 நாளாகும். 18-ஐ 9-ஆல் பெருக்கினால் 162. ஆகவே 162 மூட்டைக்கு இருப்பு இறங்கியதுமே ஆர்டர் போக வேண்டும். அந்த 162-க்கும் 72-க்கும் இடையே உள்ள 90 மூட்டைதான் பாதுகாப்பு இருப்பு. சித்திரையில் அதே டி.ஏ.பி. நாளுக்கு 2 மூட்டையும், மிஞ்சினால் 3-ம் போகிறது என்றால், 27 மூட்டை இருக்கும்போது ஆர்டர் கொடுத்தால் போதும். ஆண்டு முழுவதும் ஒரே எண்ணை வைத்திருக்கும் குடோனில் ஆடியில் தட்டுப்பாடும் சித்திரையில் தேக்கமும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் கை தவறுகிறது. சரக்கே இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும். அந்த நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தேவை குறைவாகத் தெரியும், அடுத்த முறையும் குறைவாக வாங்குவோம், மறுபடி தீர்ந்துபோகும். சரக்கு இருந்த நாட்களை மட்டும் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே ஆர்டர் கொடுத்து வழியில் இருக்கும் சரக்கு. அதைக் கைவசம் உள்ள இருப்போடு கூட்டிப் பார்க்காவிட்டால் ஒரே தேவைக்கு இரண்டு லாரி வந்து இறங்கும். யூரியா போன்ற மானிய உரங்கள் கேட்ட நாளில் கேட்ட அளவு வரும் என்று நம்ப முடியாது. அவற்றுக்கு நாள் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.

விதைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது ஒரே ஒரு பட்டத்துச் சரக்கு. சான்று விதையின் செல்லுபடிக் காலம் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம், மறுபரிசோதனையில் தேறினால் இன்னும் 6 மாதம். மிஞ்சிய விதையை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும். அதனால் உறுப்பினர்களிடம் வைகாசியிலேயே எத்தனை ஏக்கர் என்று கேட்டு, சிறு முன்பணத்தோடு பதிவு செய்யுங்கள். நாற்று விட்டு நடும் கேழ்வரகுக்கு ஏக்கருக்குச் சுமார் 2 கிலோ, நிலக்கடலைக்குச் சுமார் 50 கிலோ பருப்பு என்று போட்டால் தேவை கையில் நிற்கும். பதிவான அளவில் ஐந்தில் நான்கு பங்கை முதலில் இறக்கி, மிச்சத்தை முதல் உழவு மழை பார்த்து வாங்குவது நல்லது என்பது எங்கள் கருத்து. நிலக்கடலையைக் காயாகவே வைத்திருங்கள். தோலுரித்த பருப்பு முளைப்புத் திறனை வேகமாக இழக்கும்.

இனி அட்டி. சுவரிலிருந்து 2 அடி, அட்டிக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடந்து எண்ணும் அளவுக்கு 3 அடி, தரைக்கும் மூட்டைக்கும் நடுவே மரச்சட்டம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் லாரி வந்த மாலையில் காற்றில் போய்விடுகிறது. சுமைத் தொழிலாளர்கள் ஆறு மணிக்கு வண்டியை விடுவிக்க வேண்டும், அதனால் வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்குகிறார்கள். பழைய சரக்கு பின்னால் சிறைப்பட்டுவிடுகிறது. அதன்பின் ‘முதலில் வந்தது முதலில் போகட்டும்’ என்று சுவரில் எழுதி ஒட்டினாலும் பலனில்லை, ஏனென்றால் பழையதை எடுக்கக் கை எட்டாது. இதற்கு ஒரே வழி, அதிகம் போகும் ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு அட்டி இடம். ஒன்று முழுவதும் தீரும் வரை மற்றதைத் தொடக்கூடாது. ஒரு அட்டி இடம் கூடுதலாகச் செலவாகும், உண்மைதான். அந்த இடச் செலவு காலாவதிச் செலவைவிடக் குறைவு. பூச்சிமருந்துக்கும் விதைக்கும் வந்த தேதியை விடக் காலாவதித் தேதியே முக்கியம். பின்னால் வந்த பெட்டியில் முந்தைய காலாவதி இருக்கலாம். அதனால் ஒவ்வொரு அட்டியிலும் ஒரு அட்டை தொங்கட்டும்: சரக்கின் பெயர், எந்தத் தொகுதியில் வந்தது என்று காட்டும் லாட் எண், வந்த நாள், காலாவதி நாள், வரவு, பற்று, மிச்சம்.

எதை எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2,4-டி போன்ற களைக்கொல்லியின் ஆவி பக்கத்தில் உள்ள விதையைக் கெடுக்கும், அதற்குத் தனி அறை வேண்டும். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் எல்லாம் நுண்ணுயிர்கள், உயிருள்ள சரக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் பாக்கெட் முழுதாக இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. அவற்றைக் குளிர்ந்த அறையில், பூஞ்சாணக்கொல்லிக்குத் தள்ளி வையுங்கள். யூரியா காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், கிழிந்த மூட்டையை அன்றே தனியே எடுத்துவிட வேண்டும். கேழ்வரகு அட்டிக்கு அருகில் புளி வேண்டாம். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெளியே வந்த புளி வியர்க்கும், அந்த ஈரம் பக்கத்து மூட்டையில் பூஞ்சணமாக முடியும்.

எடைக் குறைவு பற்றியும் நீங்கள் மனம் வைத்துக் கேட்க வேண்டும். கேழ்வரகு 14 சதவீத ஈரப்பதத்தில் 10,000 கிலோ வாங்கி, 12 சதவீதத்துக்குக் காய்ந்தபின் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி தானியம்கூடச் சிந்தாமல், எலி தொடாமல், யாரும் எடுக்காமல் அதில் 227 கிலோ குறையும். ஈரப்பத வேறுபாடு 2-ஐ, நூறிலிருந்து கடைசி ஈரப்பதத்தைக் கழித்து வரும் 88-ஆல் வகுத்து, 10,000-ஆல் பெருக்கிப் பாருங்கள். போனது தண்ணீர். வாங்கிய அன்று குத்தூசியால் பத்தில் ஒரு மூட்டையாவது குத்தி, மாதிரியை ஈரப்பதமானியில் வைத்து, எண்ணைப் பதிவேட்டில் எழுதியிருந்தால் இந்த 227 கிலோவுக்குக் கணக்கு இருக்கும். எழுதாவிட்டால் அந்தப் பழி குடோன் பொறுப்பாளர் தலையில் விழும். நேர்மையான ஒருவர் திருடன் என்ற பெயரோடு வேலையை விட்டுப் போக ஒரு ஈரப்பதமானி இல்லாதது காரணமாகக் கூடாது. சாக்கின் எடையும் இப்படித்தான். 50 கிலோ பிடிக்கும் சணல் சாக்கு ஒன்று அரைக் கிலோவுக்கு மேலே வரும். வாங்கும்போது கழித்து, விற்கும்போது கழிக்காமல் விட்டால் இருப்புக் கணக்கு என்றைக்கும் ஒத்துவராது.

அடுத்தது, திரும்பி வருகிற சரக்கு. எந்தக் குடோனிலும் ஒரு மூலை இருக்கும். அங்கே பாதி பிரித்த மருந்துப் பெட்டி, மழை பொய்த்ததால் உறுப்பினர் திருப்பிக் கொடுத்த விதைப் பை, ஆலைக்காரர் ‘கல் அதிகம்’ என்று திருப்பிய கேழ்வரகு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அந்த மூலை நிரம்பும்போது யாரோ ஒருவர் இடம் இல்லையே என்று எடுத்து நல்ல அட்டியின் மேல் போட்டுவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து எது நல்லது, எது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். வாசலுக்கு அருகில் மஞ்சள் பெயின்டால் ஒரு கட்டம் போடுங்கள். திரும்பி வந்த எதுவும் முதலில் அந்தக் கட்டத்துக்குள்தான் போக வேண்டும். யார் கொடுத்தது, எந்தப் பில், என்ன காரணம், லாட் எண் என்ன என்று எழுதிய சிவப்பு அட்டை அதில் தொங்க வேண்டும். மூன்று நாளுக்குள் முடிவு எழுத வேண்டும்: மறுபடி இருப்பில் சேர்ப்பது, சுத்தம் செய்து தரம் குறைத்து விற்பது, அனுப்பியவருக்கே திருப்புவது, அழிப்பது. ஐந்தாவது ஒன்று கிடையாது, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பது முடிவே ஆகாது. காரணத்தை ஒவ்வொரு மாதமும் எண்ணிப் பாருங்கள். ஒரே லாட் விதைக்கு நான்கு பேர் வந்தால் சிக்கல் விதையில் இருக்கிறது. ஒரே ஆலை மூன்று முறை கல் என்று சொன்னால் நம் களத்தில் உள்ள சல்லடையைப் பார்க்க வேண்டும்.

சீல் பிரித்த விதைப் பை ஒருபோதும் விற்பனைக்குத் திரும்பக்கூடாது. சீல் பிரியாததும் நேராகப் போகக்கூடாது, அது ஓட்டு வீட்டின் பரணில் ஒரு மாதம் வெந்திருக்கலாம். 100 விதை எண்ணி ஈரச் சாக்கிலோ மணலிலோ போட்டுப் பாருங்கள். கேழ்வரகை 8-ஆம் நாளும், நிலக்கடலையை 10-ஆம் நாளும் எண்ண வேண்டும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு கேழ்வரகில் 75 சதவீதம், நிலக்கடலையில் 70. அந்த எண்ணை ஒட்டி நின்றாலே அரசு விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்புங்கள். சாக்கில் போட்டுப் பார்ப்பது நமக்கு ஒரு அறிகுறி, அவ்வளவுதான். அது சான்றாகாது. இந்தச் சோதனை நடக்கும் விதைக்கு மட்டும் மூன்று நாள் என்பதைப் பத்து நாளாக நீட்டிக்கொள்ளலாம்.

பூச்சிமருந்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, காலாவதியான மருந்தை உடனே பிரித்து, ‘விற்பனைக்கு அல்ல’ என்று முத்திரையிட்டு, காலாவதிச் சரக்கு என்று பலகை வைத்த தனி இடத்தில் வைக்க வேண்டும். விற்பனை அலமாரியில் ஒரு பாட்டில் தப்பி இருந்தாலும் உரிமத்துக்கு ஆபத்து. ஆனால் அந்த நிலைக்கு ஏன் வர வேண்டும்? மாதத்தின் முதல் நாள் காலாவதிக்கு 6 மாதத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் பட்டியல் எடுங்கள். அடுத்த பட்டத்தில் போகும் என்றால் முன்வரிசையில் வையுங்கள். போகாது என்றால் விநியோகஸ்தருக்கு அன்றே எழுதுங்கள். காலாவதிக்கு எத்தனை நாள் முன்பு வரை திரும்ப எடுப்பார்கள், உடைந்த பாட்டிலுக்கு யார் பொறுப்பு, திருப்பும் வண்டிக் கூலி யாருடையது என்ற மூன்றையும் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலையில் 2 சதவீதம் தள்ளுபடி கேட்டுப் போராடும் நீங்கள் இந்த மூன்று வரிகளைக் கேட்பதே இல்லை. எங்களைக் கேட்டால் தள்ளுபடியை விட இந்த வரிகள்தான் மதிப்பு.

திருப்பி அனுப்பும்போது காகிதம் இல்லாமல் வண்டி ஏறக்கூடாது. சலானில் பழைய பில் எண்ணும் லாட் எண்ணும் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கு வண்டிக்கான மின்னணுச் சீட்டு, வேண்டும். ஓசூர் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போனால் 50,000 ரூபாயிலேயே வேண்டும், இதை மறந்து எல்லையில் வண்டி நிற்பது வழக்கமான கதை. சரக்கை நமக்கு விற்றவர், திரும்பியதன் தொகையை நம் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் தரும் வரை கோப்பை மூடாதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்கில் அதற்குக் கடைசி நாள், அவர் நமக்கு விற்ற நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30. இயக்குநர் கூட்டத்தில் நிலுவைக் கிரெடிட் நோட்டு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

தக்காளி ஏற்றும் பெட்டியான கிரேட்டும் திரும்பி வர வேண்டிய சரக்குதான். ராயக்கோட்டையிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வெளியூர் மண்டிக்குப் போன கிரேட்டு எண்ணிப் போகிறது, எண்ணாமல் வருகிறது. கிரேட்டில் எண் அச்சடித்து, போகும் பில்லிலேயே எண்ணிக்கையையும் முன்பணத்தையும் எழுதினால் பாதிக் கிரேட்டாவது மிஞ்சும்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. நம் நிறுவனங்களில் வாடிக்கையாளரே பங்குதாரர். பிரித்த மருந்தைத் திருப்பிக் கொண்டு வருகிறவர் பொறுப்பாளருக்கு மாமாவோ சித்தப்பாவோ, இல்லையென்றால் இயக்குநரின் அண்ணனாக இருப்பார். ‘நம்ம கம்பெனிதானேப்பா’ என்பார். அவரிடம் முடியாது என்று சொல்லும் சுமையை மாதச் சம்பளக்காரர் ஒருவர் தோளில் வைக்காதீர்கள். எதை, எத்தனை நாளுக்குள், எந்த நிலையில் திரும்ப எடுப்போம் என்பதைப் பில்லின் பின்பக்கத்திலும் விற்பனை மேசைக்கு மேலேயும் இயக்குநர் குழுவின் பெயரில் அச்சிடுங்கள். அந்த விதியை மீறச் சொல்லி இயக்குநர் யாரும் போன் செய்யக்கூடாது என்று தீர்மானமும் போடுங்கள்.

இருப்பை மார்ச் 31 அன்று மட்டும் எண்ணுவதை நிறுத்துங்கள். நாளுக்கு ஐந்து சரக்கு எண்ணினால் 120 சரக்குள்ள குடோன் ஒரு மாதத்துக்குள் முழுதாக எண்ணப்பட்டுவிடும். வேறுபாடு வந்தால் காரணம் நினைவில் இருக்கும்போதே பிடித்துவிடலாம். உரத்துக்கு மட்டும் தினமும், விற்பனையைப் பதியும் பாயின்ட் ஆஃப் சேல் கருவி காட்டும் இருப்பையும் தரையில் உள்ள மூட்டையையும் மாலையில் ஒத்துப் பார்க்க வேண்டும்.

வைகாசிக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்ற வேண்டியவை இவை: சரக்கு வாரியாகப் பட்டக் காலத்துக்கும் மற்ற காலத்துக்கும் ஆர்டர் எண், அந்த எண் வந்ததும் உங்கள் கையெழுத்துக்குக் காத்திராமல் ஆர்டர் கொடுக்கப் பொறுப்பாளருக்கு ஒரு தொகை வரை அதிகாரம், திரும்பப் பெறும் விதி, ஒரு ஈரப்பதமானி, ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட். கட்டம் எங்கே போடுவது என்று நாங்களே அளந்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இரு மாவட்டக் குடோன் பொறுப்பாளர்கள் சிலர்