ஃப்ரெடெரிக் போலுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதை என்றாலே அசிமோவ், கிளார்க் என்று இரண்டு பெயரோடு நிறுத்திவிடுகிறோம். அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரெடெரிக் போலைப் பற்றி ஏன் பேசுவதில்லை? 1919-இல் நியூயார்க்கில் பிறந்தவர், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர், இருபது வயது வாக்கிலேயே இரண்டு கதை இதழ்களுக்கு ஆசிரியராகிவிட்டார்! அப்புறம் இரண்டாம் உலகப் போர், இத்தாலியில் ராணுவ வானிலைப் பிரிவில் வேலை. திரும்பி வந்து எழுத்தாளர்களுக்கு முகவராக இருந்தார், அசிமோவின் முதல் நாவல் 1950-இல் வெளிவந்ததில் போலின் பங்கு பெரிது. 1960-களில் 'கேலக்ஸி', 'இஃப்' இதழ்களை நடத்தினார். 'இஃப்' 1966 முதல் 1968 வரை வரிசையாக மூன்று வருடம், அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது.

இதழாசிரியர்களுக்குப் பிறர் கதைகளைத் திருத்தியே காலம் போய்விடும் என்பார்கள். இவரோ 1977-இல் 'கேட்வே' நாவலை எழுதி ஹ்யூகோ, நெபுலா என்ற இரண்டு விருதுகளையும் வாங்கினார்.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கிளார்க்கோடு சேர்ந்து தன் 88-ஆம் வயதில் அவர் வெளியிட்ட 'தி லாஸ்ட் தியரம்' நாவல். அதன் நாயகன் ரஞ்சித் சுப்பிரமணியன், திருகோணமலைக் கோயில் குருக்களின் மகன், கணிதமே மூச்சாக வாழும் தமிழ்ப் பையன். இதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாமா? உங்கள் ஞாயிறு இணைப்பில் போலைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போடுங்கள், அவருடைய சிறுகதை ஒன்றையும் முறைப்படி உரிமை வாங்கித் தமிழில் தாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி