மஞ்சப்பையில் உன் ஃபைல்

பாம்பன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

காலேஜில் கேட்ட பழைய ரிப்போர்ட் எல்லாம் இந்த மஞ்சப்பையில் இருக்கிறது. "எனக்கு அப்போ வந்தது கொரோனாவா, இதய நோயாம்மா?" என்று போனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார், மழுப்பிவிட்டேன்.

2021 மே மாதம், லாக்டவுனில் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. உனக்கு 13 வயது. ஒரே ஒரு நாள் மேல் சுட்டது, அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் வந்து போனது. டெஸ்ட்கூட எடுக்கவில்லை.

ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் திரும்ப வந்தது. கண் ரெண்டும் செக்கச்செவேலென்று இருந்தது. வயிற்றுவலி, வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. அம்மைதான் என்று நானே முடிவுகட்டி வாசலில் வேப்பிலை சொருகினேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அப்பா முதல் நாளே சொன்னார். "அம்மை கண்ட பிள்ளைக்கு ஊசியா?" என்று அவர் வாயை அடைத்தவள் நான். மூன்றாம் நாள் கைகால் சில்லிட்டு நீ சரிந்த பிறகுதான் 108-ஐக் கூப்பிட்டோம். பாலத்தைத் தாண்டும் வரை நீ கண் திறக்கவில்லை.

ராமநாதபுரத்தில் டாக்டர் தடிப்பைப் பார்த்துவிட்டு, "போன மாசம் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா?" என்றார். அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள். மிஸ்-சி என்ற பெயரை அங்கேதான் கேட்டேன். கொரோனா வந்துபோய் ரெண்டு முதல் ஆறு வாரத்தில், கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி அடங்காமல் சொந்த உறுப்புகளையே தாக்குமாம். உனக்கு இதயத்தைப் பிடித்திருந்தது. பிரஷர் இறங்கிப்போயிருந்தது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். அது ஆயிரம் பேருக்கு மேல் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்துச் சேர்க்கிற மருந்து என்று நர்ஸம்மா சொன்னார். ராத்திரி முழுக்க அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆயிரம் பேரில் ஒருத்தர் முகமும் நமக்குத் தெரியாது.

வார்டுக்குள் ஒரு ஆளைத்தான் விட்டார்கள். அப்பா வெளியே மரத்தடியில் கிடந்தார். தடைக்காலம் முடிந்து முதல்முறை கடலுக்குப் போவதை எந்தக் கடல்காரனும் விடமாட்டான். அவர் விட்டார். அந்தமுறை வலையில் என்ன விழுந்தது என்று படகில் போனவர்களிடம் விசாரிக்கவும் இல்லை. வேப்பிலையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, பாப்பா. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்புறம் இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற ஒவ்வொரு எக்கோவுக்கும் அவரேதான் உன்னைக் கூட்டிப்போனார். கடைசி ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். 2022 மார்ச்சில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி வந்ததும் டாக்டரிடம் கேட்டுப் போட்டோமே, அந்தச் சான்றிதழும் உள்ளே இருக்கிறது.

ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே, ஜெராக்ஸ் போதும். நெத்திலிக் கருவாடு தனிப் பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். எடுத்த உடனே அதை ஃபைலிலிருந்து தள்ளி வை, இல்லாவிட்டால் ஆபீஸ் பூராவும் மணக்கும்.

அம்மா